ஆலை இடம் மாறட்டும். முடிவெடுத்த அன்றே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உற்பத்தி வெளிநாட்டுக்குப் போவதால் வேலை இழப்பவர்களைப் பற்றிச் சென்ற வாரம் தாங்கள் எழுதிய தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். செலவு குறைந்த இடத்தைத் தேடி ஆலைகள் நகர்வதைத் தடுக்க முடியாது, வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பதே வழி என்று முடித்திருந்தீர்கள். மறுபயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆலை போகப்போகிறது என்பது அங்கே வேலை செய்கிறவனுக்கு எந்த நாளில் தெரிகிறது? அதைத் தலையங்கம் தொடவே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 22 ஆண்டுகள் ஒரே ஆலையில் டை ஃபிட்டராக இருந்தவன். எஃகுத் தகட்டை வெட்டித் துளையிட்டு வளைக்கும் அச்சைத்தான் நாங்கள் டை என்கிறோம். பிரஸ் என்ற அழுத்தும் எந்திரம் ஒருமுறை இறங்கி ஏறினால் ஒரு பாகம் தயார். மேலிருந்து இறங்கித் துளையிடும் பஞ்ச்சுக்கும் கீழே இருக்கும் டைக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் பருமனைவிடக் குறைவாக இருக்கும். அது ஒரு பக்கம் கூடிவிட்டால் துளையின் விளிம்பில் பிசிறு நிற்கும். அந்தப் பாகம் கழிவுக்குப் போகும். அந்த இடைவெளியைக் காப்பதுதான் என் வேலை. பஞ்ச் மழுங்குவது எனக்கு முதலில் காதில்தான் தெரியும். கூர்மையாக இருக்கும்போது பிரஸ் ஒருவிதமாக ஒலிக்கும், மழுங்கத் தொடங்கினால் அடி கனத்துக் கேட்கும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் என் தோளைத் தொட்டு, "கேள், இப்போது கேள்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது.

ஆலையின் கடைசி ஆண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்கள், ஆர்டர் குறைந்து, ஷிப்ட் குறைந்து, மெதுவாக இருள் சூழ்ந்துதான் ஓர் ஆலை மூடப்படுகிறது என்று நினைக்கிறார்கள். எங்கள் ஆலையில் நடந்தது நேர்மாறானது. என் 22 ஆண்டுகளில் மிகப் பரபரப்பான மாதங்கள் அந்தக் கடைசி நான்கு மாதங்கள்தான். மூன்று ஷிப்டும் ஓடியது. வாராந்திர விடுமுறையிலும் கூப்பிட்டார்கள். ஓவர்டைம் வேண்டாம் என்றவரைக்கூட மேற்பார்வையாளர் கையைப் பிடித்து அழைத்தார். கிடங்கில் இடம் போதாமல் நடைபாதை வரை பெட்டிகள் அடுக்கினோம். ஆலைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினோம்.

அதன் பொருள் பிறகுதான் புரிந்தது. ஓர் எந்திரத்தைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, வேறொரு நாட்டில் இறக்கிப் பொருத்தி, அங்கிருந்து நல்ல பாகம் வெளிவர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைக்காலத்திலும் வாங்குகிறவருக்குச் சரக்கு தடைபடக் கூடாது. ஆகவே எந்திரத்தை நிறுத்துவதற்கு முன் தேவைக்கு மேல் செய்து குவித்துக்கொள்வார்கள். நாங்கள் இரவும் பகலும் அடுக்கியது எங்கள் ஆலை இல்லாமல் போகும் மாதங்களுக்கான சரக்கு. சம்பளத்தோடு வந்த ஓவர்டைம் தொகையைக் கண்டு மகிழ்ந்தோமே, அது எந்த நாள்வரைக்கும் என்று மேலே ஓர் அறையில் தாளில் எழுதி வைத்திருந்தார்கள்.

வேறு அறிகுறிகளும் இருந்தன. நாங்கள் டை மாற்றுவதை மூன்று நாள் வீடியோ எடுத்தார்கள். தரச் சான்றிதழுக்கு என்றார்கள். பழைய வரைபடங்களையெல்லாம் வெளியே எடுத்து ஸ்கேன் செய்தார்கள். ஒவ்வொரு டையின் குணத்தையும் எழுதித் தரும்படி என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். ஏழாம் எண் டையின் இடது பின்மூலைக்கு அடியில் 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு ஒன்றை வைத்தால்தான் பிசிறு வராது. எந்த வரைபடத்திலும் அது கிடையாது. என் கையால் அதை எழுதிக் கொடுத்தேன். என் வேலையை இத்தனை மதித்துக் கேட்கிறார்களே என்று அன்று பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு என்னை ஐந்து வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். புதிய வாடிக்கையாளருக்காக அங்கே கூடுதலாக ஒரு சிறிய பிரிவு, அங்குள்ள இளைஞர்களுக்கு டை பொருத்தக் கற்றுத்தர வேண்டும் என்று சொன்னார்கள். எந்த நாடு என்று எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அந்த மக்கள்மீது எனக்குத் துளியும் கோபம் இல்லை. நான் போனபோது இரண்டு பிரஸ்கள் மட்டுமே நின்றன. ஆனால் தரையில் புதிதாகக் கான்கிரீட் போட்டு, மஞ்சள் வண்ணத்தில் கட்டம் கட்டமாக எண் எழுதியிருந்தார்கள். முதல் நாள் இரண்டு கட்டங்களைத்தான் கவனித்தேன். இரண்டாம் நாள் முழுவதையும் எண்ணினேன். 11. எங்கள் பிரஸ் ஷாப்பில் இருந்த பிரஸ்கள் 11.

அன்றிரவே எங்கள் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "விரிவாக்கம்தான், வீணாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இங்கே யாரிடமும் இதைப் பேச வேண்டாம்" என்றார். பேசவில்லை. பாதி நம்பினேன், மீதியை நம்ப விரும்பினேன். நான் திரும்பி வந்த வாரத்தில் என் பக்கத்து பெஞ்சில் 14 ஆண்டுகள் வேலை செய்த நண்பர் வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஓவர்டைமும் சேர்ந்த சம்பளச் சீட்டைக் காட்டித்தான் அவ்வளவு பெரிய கடனுக்கு ஒப்புதல் வாங்கியிருந்தார். கையெழுத்துப் போடப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவரைத் தடுக்க என் வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டேன். உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஒருவரின் வீட்டுக் கனவைக் கெடுக்கலாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினாறாம் நாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது.

அந்தத் தாளில் ஆலை மூடல் என்ற சொல்லே இல்லை. 'சிறப்பு விருப்ப ஓய்வுத் திட்டம்' என்று இருந்தது. பத்து நாளுக்குள் கையெழுத்திட்டால் இவ்வளவு, பிறகு வந்தால் அதைவிடக் குறைவு. இந்த வார்த்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி, தொழிலாளி தானாக விரும்பி ஓய்வு பெறுவது ஆள்குறைப்பு ஆகாது. ஆள்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் முன்னறிவிப்பு உண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருந்தால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். 'விருப்பப்பட்டு' கையெழுத்திட்டவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அந்தப் பத்து நாளில் கையெழுத்திட்டவர்களில் விரும்பி இட்டவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. நிரந்தரத் தொழிலாளர்கள் 240 பேர் அதிலேயே வெளியேறினோம். எங்களோடு தினமும் அதே வாயிலில் நுழைந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் எங்களைவிட அதிகம். அவர்களுக்குத் தாளும் இல்லை, தொகையும் இல்லை. ஒப்பந்ததாரர் வேனை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

எங்கள் கதை தனிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2008 ஜனவரியில் நோக்கியா நிறுவனம் ஜெர்மனியின் போஹும் நகரில் இருந்த கைபேசி ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 2,300 பேர் வேலை செய்த இடம் அது. அரசு மானியம் பெற்ற ஆலை என்பதால் மாநில அரசு பணத்தைத் திருப்பிக் கேட்டது. ஊரே தெருவில் இறங்கியது. உற்பத்தி ருமேனியாவின் க்ளுஜ் நகருக்கு அருகே போனது. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை காலம் என்று நினைத்திருப்பார்கள்? 2011 செப்டம்பரில் அந்த ஆலையும் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. சுமார் 2,200 பேர். வேலை ஆசியாவுக்கு நகர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தின் தாய்நாடான பின்லாந்தில், சாலோ நகரத்திலேயே கைபேசி உற்பத்தி நின்றது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் கதையை இந்த நாளிதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது வரி வழக்கு காரணமாக இந்த ஆலை விற்பனையில் சேராமல் நின்றது. புதிய முதலாளி உற்பத்தியை வியட்நாமின் ஹனோய் பக்கம் குவித்தார். 2014-ல் இங்கே சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள், அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி எந்திரங்கள் நின்றன. அங்கேயும் அதே வார்த்தைதான், விருப்ப ஓய்வு.

முன்கூட்டிச் சொன்னால் வேலை கெட்டுவிடும், ஆட்கள் பாதியில் ஓடிவிடுவார்கள், போராட்டம் வெடிக்கும் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. இதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். திறமையான ஃபிட்டர் நான்கு பேர் முதல் மாதமே விலகினால் பிரஸ் ஷாப் நின்றுவிடும், அந்தப் பயம் உண்மையானது. அதற்கு வழி இருக்கிறது. கடைசி நாள் வரை நின்று வேலையை ஒப்படைப்பவருக்குக் கூடுதல் தொகை என்று எழுத்தில் கொடுங்கள், பெரும்பாலானவர்கள் நிற்பார்கள். எங்களைப் பாருங்கள். எல்லாம் தெரிந்த பிறகும் நானும் என் தோழர்கள் ஆறு பேரும் கடைசி டையை எண்ணெய் பூசி, தாள் சுற்றி, மரப்பெட்டியில் ஆணியடித்து அனுப்பும்வரை நின்றோம். ஏழாம் எண் டையின் பெட்டிக்குள் அந்தப் பித்தளைத் தகட்டைத் தனி உறையில் வைத்து, எங்கே வைக்க வேண்டும் என்று படமும் வரைந்து போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. அது இல்லாமல் அந்த டை சரியாக வெட்டாது, அவ்வளவுதான் காரணம். இப்படிப்பட்டவர்களிடம் உண்மையைச் சொன்னால் வேலையைக் கெடுத்துவிடுவார்கள் என்று யார் முடிவு செய்தது?

சட்டத்தால் இது முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1997 பிப்ரவரி 27 அன்று ரெனோ நிறுவனம் பெல்ஜியத்தின் வில்வோர்டே நகரில் இருந்த கார் ஆலையை மூடுவதாகத் திடீரென்று அறிவித்தது. 3,100 பேருக்கு அன்றுதான் தெரிந்தது. தொழிலாளர் பிரதிநிதிகளிடம் முன்கூட்டிப் பேசாதது தவறு என்று பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் நீதிமன்றங்கள் சொல்லின. ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை, அந்தக் கோடையிலேயே மூடிவிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு பெல்ஜியம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூட்டமாக ஆட்களை நீக்க எண்ணும் நிறுவனம் அந்த எண்ணத்தை முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகள் கேட்கும் கேள்விகளுக்கும் சொல்லும் மாற்று யோசனைகளுக்கும் பதில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் இறுதி முடிவு. அதை ரெனோ சட்டம் என்றே அந்த நாட்டில் அழைக்கிறார்கள். முடிவான பிறகு சொல்லாதே, எண்ணும்போதே சொல் என்பதுதான் அதன் சாரம். பிரான்ஸில் 2014 முதல், 1,000 பேருக்குக் குறையாத நிறுவனம் ஓர் ஆலையை மூட நினைத்தால் அதை எடுத்து நடத்த ஆள் கிடைக்குமா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அமெரிக்காவிலேயே 1988-ல் இயற்றிய சட்டப்படி, 100 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஆலையை மூட 60 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். 60 நாள் போதாது என்பது என் கருத்து. ஆனால் பதினாறாம் நாள் ஒட்டப்பட்ட அந்தத் தாள் 60 நாள் முன்பு ஒட்டப்பட்டிருந்தால் என் நண்பர் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்க மாட்டார்.

நம் நாட்டில் எண்ணிக்கை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஆலையை மூட அரசு அனுமதி வேண்டும் என்ற விதி 1976-ல் வந்தபோது 300 பேர் உள்ள ஆலைகளுக்கு என்று இருந்தது. பிறகு 100 என்று இறக்கினார்கள். 2020-ல் இயற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் மறுபடியும் 300. அனுமதி என்பது நடைமுறையில் எவ்வளவு பயன் தந்தது என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அரசின் கையில். எனக்கு வேண்டியது அனுமதி அல்ல, தகவல். ஆலையில் எத்தனை பேர் இருந்தாலும், அவர்கள் நிரந்தரமோ ஒப்பந்தமோ, இயக்குநர் குழு முடிவெடுத்த நாளிலிருந்து கணக்கிட்டுச் சொல்லியாக வேண்டும். விருப்ப ஓய்வுத் தாளை நீட்டுவதற்கு முன், ஆலை இடம் மாறப்போகிறதா இல்லையா என்று அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் கொடுத்து ஆலையை வரவேற்கும்போதே அந்த ஒப்பந்தத்தில் அரசு இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

இனி மறுபயிற்சி. எங்களில் 31 பேர் கணினிப் பயிற்சி வகுப்புக்குப் போனோம், ஆறு வாரம். கற்றுக்கொடுத்த பெண் பொறுமையானவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 46 வயதில் சான்றிதழோடு போய் நின்றவனுக்கு முன்னால் 22 வயதுப் பிள்ளைகள் நின்றார்கள். பொருளியல் படிக்கும் என் மகள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நீண்ட காலம் ஒரே நிறுவனத்தில் இருந்து வேலை இழந்தவர்களின் வருமானத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 1993-ல் வெளியான அந்த ஆய்வின்படி, வேலை போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர்களின் வருமானம் பழையபடி வந்திருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவாகவே இருந்தது. அவள் படித்துக் காட்டியபோது எனக்கு ஏழாம் எண் டைதான் நினைவுக்கு வந்தது. அதன் மூலைக்கு எவ்வளவு தகடு வைக்க வேண்டும் என்று அறிந்த மூளைக்கு அந்த ஒரு ஆலைக்கு வெளியே யார் சம்பளம் கொடுப்பார்கள்? நான் இப்போது ஒரு சிறிய பட்டறையில் பழைய டைகளைப் பழுதுபார்க்கிறேன். பழைய சம்பளத்தில் பாதியைவிடச் சற்று அதிகம். இந்த வேலையைக்கூட இரண்டு ஆண்டுகள் தேடிய பிறகுதான் கண்டுபிடித்தேன். நான்கு மாதம் முன்பே தெரிந்திருந்தால், கையில் வேலை இருக்கும்போதே, ஓவர்டைமுக்குப் பதிலாக அந்த நேரத்தில் தேடத் தொடங்கியிருப்பேன். வேலையில் இருப்பவனைக் கேட்கும் விதமும் வேலை போனவனைக் கேட்கும் விதமும் ஒன்றல்ல. நேர்காணலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

என் நண்பர் அந்த வீட்டை விற்றுவிட்டார். கடனை அடைத்து மிச்சம் ஒன்றும் இல்லை. அவர் என்மீது ஒருநாளும் குறை சொன்னதில்லை. 11 கட்டங்களைப் பற்றி அவரிடம் நான் சொன்னது வீடு விற்ற பிறகுதான்.

வெளிநாட்டில் என்னிடம் வேலை கற்ற இளைஞர்களில் ஒருவர் இன்னும் எனக்குச் செய்தி அனுப்புவார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. கைபேசி மொழிபெயர்த்துக் கொடுக்கும். ஏழாம் எண் டை இன்னும் ஓடுகிறது, அந்தப் பித்தளைத் தகட்டை இரண்டு முறை மாற்றியிருக்கிறார். சென்ற மாதம் எழுதியிருந்தார்: அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆலையில் வேலை மிக நன்றாக இருக்கிறது, வார விடுமுறையிலும் ஓவர்டைம் கொடுக்கிறார்கள், கிடங்கு நிரம்பி வழிகிறது. டை மாற்றுவதை யாராவது வந்து வீடியோ எடுத்தார்களா என்று கேட்டேன். எடுத்தார்கள், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பதில் வந்தது. புதிதாகக் கடன் எதுவும் வாங்க வேண்டாம், சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் நகல் எடுத்து வீட்டில் வை, வேறு இடத்தில் ஃபிட்டர் வேலை இருக்கிறதா என்று இன்றே விசாரி, உடன் வேலை செய்பவர்களிடமும் சொல் என்று அன்றிரவே எழுதி அனுப்பினேன்.

இப்படிக்கு,
முன்னாள் டை ஃபிட்டர்
(பெயரும் முகவரியும் தங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியுள்ளேன், வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)